சாம்பார் சிந்தாமல் எட்டு நிமிடம்

பசியில் இருப்பவருக்கு ஒரு மாதிரி திரை வரையலாம், அவசரத்தில் இருப்பவருக்கு வேறு மாதிரி வரையலாம். இரண்டும் ஒரே ஆளாக இருந்துவிட்டால் அவருக்கு வரைவதுதான் எங்கள் தொழிலில் கடினம். விமான நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர் அப்படிப்பட்ட ஆள். அவர் இருக்கையை விட்டு எழாமல் போனிலேயே சாப்பாடு சொல்ல வேண்டும். அதை ஒருவர் அவர் விமானம் ஏறும் கேட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு செயலி. அந்தச் செயலியின் திரைகளை வரைந்தவன் நான்.

ராயபுரத்தில் படகு எஞ்சின் உதிரி பாகம் விற்கும் கடைக்கு மேலே ஒரு மாடி அறைதான் எங்கள் அலுவலகம். நான்கு பேர். ஐம்பதைத் தாண்டியவன் நான் ஒருவன் மட்டும். நீங்களும் நாற்காலியில் உட்கார்ந்தபடி, முகம் தெரியாத மனிதர்களின் நாளை வகுத்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவர் என்றால், இங்கே சொல்லப்போவதில் ஏதாவது ஒன்று உங்களுக்கும் நடந்திருக்கும். நடந்தது உங்களுக்குத் தெரியாமலும் இருந்திருக்கும்.

நனைந்த விரல்

திரை வரைந்ததும் யாரிடமாவது கொடுத்துப் பார்க்க வேண்டும். விமான நிலையத்துக்குள் போக டிக்கெட் வேண்டும், எங்களிடம் இல்லை. ராயபுரத்தில் பசியும் அவசரமும் சேர்ந்து கிடைக்கும் இடம் ஒன்றுதான். ஒரு விடியற்காலையில் நானும் யாஸ்மினும் காசிமேட்டுக்குப் போனோம். நான் வரைவதை இயங்க வைப்பவர் யாஸ்மின், என் வயதில் பாதி இருக்கும், என்னைவிட நிதானம்.

ஏலம் எடுத்து இரண்டு கூடை நிறைய மீனோடு ஆட்டோவுக்குக் காத்திருந்த ஒரு அம்மாவிடம் போனை நீட்டி, "இதுல ரெண்டு இட்லி வாங்கிக் காட்டுங்கக்கா" என்றேன். கை ஈரமாக இருந்ததால் விரலைத் திரை ஏற்கவில்லை. புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினார். என் முதல் வரைவில் மொத்தம் பதினோரு கேள்விகள்: பிறந்த தேதி, மின்னஞ்சல், பிடித்த உணவு வகை, இப்படி. ஐந்தாவது கேள்வியில் ஆட்டோ வந்துவிட்டது. அன்று மாலையே பதினொன்றை மூன்றாகக் குறைத்தேன்: பயணியின் பெயர், விமான எண், என்ன வேண்டும். ஆர்டர் சொல்பவர் யார், எங்கே இருக்கிறார் என்றுகூடக் கேட்பதில்லை. என் வாழ்நாளில் நான் செய்த நல்ல வரைவு அதுதான். அதற்குக் காரணம், ஆட்டோவில் ஏறிக்கொண்டே அந்த அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தபோது சொன்னது:

"பசிக்கிறவன்கிட்ட இன்னாத்துக்குபா இம்மாம் கேள்வி? சோறு கீதா இல்லியா, அத்த மட்டும் சொல்லு."

வெறுங்கை

விமான நிலையத்தில் உணவகங்களை நடத்தும் நிறுவனத்தின் மேலாளர் ராகவன், எங்கள் இருவருக்கும் தற்காலிகப் பாஸ் வாங்கித் தந்தார். மூன்று மணி நேரம் உள்ளே இருக்கலாம். பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியதும் கட்டடத்தின் ஒரு கோடியில் பொதுச் சமையலறை இருந்தது. அங்கே கத்திகளை மேசையோடு சங்கிலி போட்டுப் பிணைத்திருந்தார்கள். கூர்மையான எதுவும் இடம் மாறக் கூடாது என்பது அங்கே விதி. நான் உற்றுப் பார்ப்பதைக் கண்ட சமையல்காரர், "கத்திய கட்டிப் போட்டுட்டாங்க சார். எங்களத்தான் அவுத்து வுட்டுக்கீறாங்க" என்றார்.

சமையலறையிலிருந்து கடைசி கேட் வரை நான் நடந்தேன். யாஸ்மின் நேரம் பார்த்தார். காலை விமானங்கள் போய்விட்டு, மதிய விமானங்களுக்கு ஆள் வராத நேரம். தரையில் என் நிழல் மட்டும் விழுந்தது. ஆறு நிமிடம் சொச்சம். பெருந்தன்மையாக இரண்டு நிமிடம் கூட்டி, எட்டு என்று குறித்தேன். சமையலறை மேடையில் பொட்டலத்தை எடுத்ததிலிருந்து பயணியின் கையில் கொடுப்பது வரை எட்டு நிமிடம். ராகவனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அன்றே விளம்பரத்தில் போட்டுவிடலாம் என்றார். நாங்கள் கிளம்பும்போது அந்தச் சமையல்காரர் கேட்டார். வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்:

"இன்னா சார், அவ்ளோதானா? கைல ஒண்ணும் எட்த்துகினு நடந்து பாக்கலியா?"

பெயர்

செயலி ஓடத் தொடங்கிய பிறகு வாரத்துக்கு மூன்று நாள் ராகவனின் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. அது பாதுகாப்புச் சோதனைக்கு வெளியே இருப்பதால் பாஸ் தேவையில்லை. என் வீட்டுப் பக்கத்தில், திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறினால் நேராக விமான நிலையம். நடுவில் மாற வேண்டியதில்லை. ஒரு காலை தண்டையார்பேட்டையில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் சட்டையில் நான் வரைந்த சின்னம் இருந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும். பேச்சுக் கொடுத்தேன்.

பெயர் பிலோமினா. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. கணவர் விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவர். வலை இழுக்கும் வின்ச்சில் இடுப்பு மாட்டிய பிறகு கடலுக்குப் போவதில்லை. மகள் நர்சிங் இரண்டாம் வருடம். வீட்டில் சம்பளம் என்று வருவது இவருடையது மட்டும். போலீஸ் விசாரணை முடிந்து விமான நிலைய பாஸ் கைக்கு வர ஐந்து மாதம் ஆனதாம். அந்தப் பாஸைக் கழுத்தில் போட்டு, அதன்மேல் சிலுவையைப் போட்டிருந்தார்.

நான் செயலிக் கம்பெனிக்காரன் என்று தெரிந்ததும் உடனே ஒரு புகார் சொன்னார். 'உங்கள் உணவைக் கொண்டுவருபவர்: பிலோமினா' என்று பயணியின் திரையில் நான்தான் போட்டிருந்தேன். கொண்டுவருபவருக்கு ஒரு முகம் இருக்கட்டும், மரியாதை இருக்கட்டும் என்பது என் எண்ணம். மறுநாளே பெயரை எடுத்துவிட்டேன். பிறகு மெட்ரோவில் பார்க்கும்போதெல்லாம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். ஆனால் அன்று அவர் சொன்னது இப்போதும் எனக்குக் கேட்கிறது:

"எம் புருஷனே என்ன பேர் சொல்லி அதட்டுனது கெடயாதுண்ணே. அங்க புள்ள வயசுல கீறவன்லாம் அந்தக் கோடிலருந்து 'ஏய் பிலோமினா'ன்றான்."

பத்து வட்டம்

உணவு கொண்டுபோகிறவர்களிடம் ஒரு போன் இருக்கும். அதன் திரையையும் நான்தான் வரைந்தேன். பொட்டலத்தை எடுத்ததும் பச்சை, ஐந்து நிமிடத்துக்குப் பிறகு மஞ்சள், எட்டைத் தாண்டினால் சிவப்பு. திரையின் மேலே பத்துச் சிறு வட்டங்கள். ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு வட்டம் சிவந்துவிடும். மாதத்தில் பத்தும் சிவந்தால் அவர் பெயர் வேலைப் பட்டியலிலிருந்து எடுக்கப்படும்; பாஸையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். விதி ராகவனுடையது. வட்டங்கள் என்னுடையவை. அழகாக இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பண்டிகைக் கூட்டம் தொடங்கிய மாதம். கிட்டத்துக் கேட்டுகள் என்றால் பிலோமினா சமாளித்துவிடுவார். கடைசி மூன்று கேட்டுகளில் ஏதாவது வந்தால்தான் ஆபத்து. தள்ளுவண்டிப் பெட்டிகள், தரையில் உட்கார்ந்த குடும்பங்கள், நடுவழியில் நின்று படம் எடுப்பவர்கள். கையில் சாம்பார் இருந்தால் ஓடவும் முடியாது. மூடியைத் தாண்டிச் சிந்தினால் அது தனிப் புகார். அந்த மாதம் பாதிகூடத் தாண்டவில்லை, ஏழு வட்டம் சிவந்துவிட்டது என்று போனை எனக்குக் காட்டினார். என் வட்டங்களை அப்படி ஒருவர் கையில், ஏழு சிவந்து, மூன்று காலியாக, அன்றுதான் பார்த்தேன்.

இதற்கு முன் இருபத்திரண்டு வருடம் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் படிவங்கள் தயாரித்தவன் நான். யார்டிலிருந்து துறைமுகத்துக்கு லாரி போக ஆகும் நேரத்தை யாரோ ஒரு அதிகாரி ஞாயிறு காலையில், சாலை காலியாக இருந்தபோது காரில் போய் அளந்துவிட்டார். அந்த எண்ணைப் படிவத்தில் அச்சடித்துக் கொடுத்தோம். எண்ணூர் நெடுஞ்சாலை வரிசையில் இரண்டு நாள் நின்ற டிரைவர்கள் அந்தப் படிவத்தைக் காட்டி என்னைத் திட்டியிருக்கிறார்கள். 'நான் அளக்கவில்லை, அச்சுதான் அடித்தேன்' என்று அப்போது சொல்ல முடிந்தது. இந்த முறை அளந்தவனும் நானே. பிலோமினாவிடம் அதைச் சொல்லியிருக்கலாம். அவர் என்னை, பெயரை எடுத்துக் கொடுத்த நல்ல மனிதன் என்றே நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையின் சுகத்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் சொன்னார்:

"எவனோ ஒர்த்தன் ஏசி ரூம்ல குந்திகினு எட்டுன்னு எயுதிட்டான்ணே. ஒரே ஒரு தபா அவன் கைல சாம்பாரக் குட்த்து நடக்க வுடணும்."

சாம்பாரோடு நடந்தது

நடந்து பார்த்தேன். இரண்டாம் முறை பாஸ் கிடைக்கவில்லை. அதனால் கட்டடத்தின் நீளத்தை வரைபடத்தில் எடுத்து, அதே தூரத்தை ராயபுரத்துக் கடைத்தெருவில் அளந்துகொண்டோம். எங்கள் அலுவலக வாசலில் தொடங்கி, மார்க்கெட்டைத் தாண்டி ஒரு மருந்துக் கடை வரை. காலை ஒன்பது மணி. கூட்டம் விமான நிலையத்துக்குக் குறைவில்லை. பெட்டிகளுக்குப் பதிலாக மூன்று சக்கர மீன்பாடி வண்டிகள். ஒரு தட்டில் இட்லி, வடை, மூடி போட்ட கிண்ணத்தில் சூடான சாம்பார். யாஸ்மின் பின்னால் நேரம் பார்த்துக்கொண்டே வந்தார்.

முதல் முறை வேகமாக நடந்தேன். எட்டரை நிமிடம், சட்டையெல்லாம் சாம்பார். சிந்தாமல் நடந்தபோது பன்னிரண்டு. மூன்றாம் முறை பதினொன்றரை. ஆறாவது நடைக்குள் தெருவே எங்களைக் கவனிக்கத் தொடங்கிவிட்டது. முழங்கால் வலித்தது. தட்டைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தேன். பிலோமினாவுக்கும் எனக்கும் பெரிய வயது வித்தியாசம் இல்லை. அவர் இதை ஒரு நாளைக்கு இருபது தடவை செய்கிறார். வெங்காயக் கடைக்காரர் ஒருவர் அதற்குமேல் பொறுக்க முடியாமல் கூப்பிட்டார்:

"இன்னா நைனா, வூட்ல சண்டையா? ஆறு தபா சோத்த எட்த்துகினு போற, ஆறு தபாவும் அதே சோத்த திருப்பி எட்த்துகினு வர்ற!"

மேலாளரின் நடை

பன்னிரண்டு என்ற எண்ணைக் காகிதத்தில் காட்டியபோது ராகவன் தலையைத்தான் ஆட்டினார். "பன்னெண்டுன்னு போட்டா எவன் சார் ஆர்டர் பண்ணுவான்? எழுந்து போய் சாண்ட்விச் வாங்கிக்குவான்." அடுத்த வாரம் சாம்பார் கிண்ணத்தோடு போனேன். தட்டை அவர் கையில் கொடுத்து, அலுவலகத் தாழ்வாரத்தின் கோடி வரை எட்டு நிமிடக் கணக்குக்கு ஏற்ற வேகத்தில் நடக்கச் சொன்னேன். கெட்டவர் இல்லை அவர், நடந்தார். பாதி வழியில் மூடி நழுவியது. வெள்ளைச் சட்டைக் கையெல்லாம் சாம்பார்; தட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

யாஸ்மின் ஒரு வழி சொன்னார். எத்தனை நிமிடம் என்று காட்டவே வேண்டாம். 'பத்து நாற்பதுக்குள் வந்துவிடும்' என்று கடிகார நேரத்தைக் காட்டினால் பயணி நிமிடம் எண்ண மாட்டார். தூரத்துக் கேட்டுகளுக்குப் பதின்மூன்று நிமிடம். வட்டங்கள் மொத்தமாகப் போய்விடும். ராகவன் ஒப்புக்கொண்டார். ஆனால் அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து. அப்போது பிலோமினாவுக்கு ஒன்பது வட்டம் சிவந்திருந்தது. ஒன்றாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள். இந்த மாதத்துச் சிவப்புகளை இப்போதே அழித்துவிடலாமே என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலில்தான் எனக்குத் தெரியாத ஒன்று தெரிந்தது:

"நடுவுல அழிச்சா, போன மாசம் பத்து சிவந்து வேலைய விட்டுப் போனாங்களே ரெண்டு பேர், அவங்க வந்து கேக்க மாட்டாங்களா சார்?"

வழியனுப்ப வந்தவர்

ஒன்றாம் தேதிக்கு மூன்று நாள் இருந்தது. மதியம் ராகவனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். புறப்பாடு வாசலில் ஒரு அம்மா கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தபடி நின்றிருந்தார். எண்ணூர்க்காரர். மகன் வெல்டர், முதல் முறையாக வளைகுடா போகிறான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் தற்காலிக வேலை பார்த்துக்கொண்டிருந்த பையன். காலையிலிருந்து பையன் ஒன்றும் சாப்பிடவில்லையாம். கட்டிக்கொண்டு வந்த சோறு அவர் கையிலேயே இருந்தது. பரபரப்பில் கொடுக்க மறந்துவிட்டார். காவலர் உள்ளே விட மாட்டார். யாரைக் கேட்பது என்று தெரியாமல் என்னைக் கேட்டார்.

எனக்கு அது பெரிய வாய்ப்பாகத் தோன்றியது. என் போனில் செயலியைத் திறந்தேன், மூன்றே கேள்வி. பையன் பெயர், விமான எண், சாம்பார் சாதம். கேட் எண்ணைச் செயலியே காட்டியது, கடைசி கேட். குறிப்பு எழுதும் கட்டத்தில், 'அம்மா வெளியே நின்று வாங்கிக் கொடுத்தது, அவன் கையிலேயே கொடுக்கவும்' என்று எழுதினேன். அந்த நேரத்தில் எனக்கு பிலோமினாவின் நினைவே வரவில்லை. நல்ல காரியம் செய்கிறவனுக்கு வேறு எதுவும் நினைவுக்கு வருவதில்லை போலும். அரை மணி கழித்து அவன் அம்மாவுக்குப் போன் செய்தான்: வந்துவிட்டதாம், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறானாம். அந்த அம்மா கையிலிருந்த பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அவர் சொன்னது:

"நீ சாப்புடு ராசா. எம் புள்ள வயித்த ரொப்புன கை, பட்னியா வூட்டுக்குப் போவக் கூடாது."

பத்தாவது

மறுநாள் காலை மெட்ரோவில் பிலோமினா இருந்தார். சட்டையில் சின்னம் இல்லை, சாதாரணப் புடவை. கழுத்தில் சிலுவை மட்டும். பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போட்டு வரப் போவதாகச் சொன்னார். பத்தாவது வட்டம் எப்படிச் சிவந்தது என்றும் சொன்னார். முந்தின நாள் மதியம், கடைசி கேட், சாம்பார் சாதம். சிந்தாத சாதம் என்பதால் வேகமாக நடந்தும், கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோதே ஏழரை நிமிடம். பையன் அங்கே இல்லை. இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் யாரும் எழவில்லை. 'பயணி இல்லை' என்று ஒரு பொத்தான் உண்டு; அதை அழுத்தினால் கடிகாரம் நின்றுவிடும், சிவப்பு விழாது, உணவு திரும்பிப் போய்க் குப்பைக் கூடையில் விழும். அந்தப் பொத்தானையும் நான்தான் வரைந்தேன். அவர் அழுத்தவில்லை. குறிப்பில் அம்மா என்று போட்டிருந்ததே என்றார். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்று போனில் அழுதுகொண்டிருந்த பையனைத் தேடிப் பிடித்துக் கொடுத்தபோது பதினான்கு நிமிடம். அப்படியே நின்று அவன் சாப்பிடத் தொடங்கியதையும் பார்த்துவிட்டுத்தான் வந்தாராம்.

ஆறு பேர் அந்த நேரத்து வேலையில் இருந்தார்கள். ஆறில் யாருக்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம் அந்த ஆர்டர். இதை எத்தனை முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் என்று கணக்கில்லை. அன்று அந்தச் சமாதானம்கூட வாயில் வரவில்லை. மண்ணடி தாண்டியதும் சொன்னேன். அந்த ஆர்டரைப் போட்டவன் நான். எட்டு நிமிடம் என்று அளந்தவனும் நான், வெறுங்கையோடு. அவர் பையைத் திறந்து பாஸை எடுத்துப் பார்த்தார். பிறகு, "அழிக்க முடியுமாண்ணே?" என்று மட்டும் கேட்டார். அது என் கையில் இல்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன் என்றேன். உண்மைதான். ஆனால் உண்மை சொல்வது அன்று எவ்வளவு வசதியாக இருந்தது என்பதையும் கவனித்தேன். சென்ட்ரல் வந்தது. ஆட்கள் ஏறி, இறங்கி, கதவு மூடிய பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"எட்டுன்னு எயுதினதும் நீ. அம்மான்னு எயுதினதும் நீ. ரெண்டுல எத்தண்ணே நா நம்பிகினு நடக்கறது?"

இறால் கூடம்

ஒன்றாம் தேதி வட்டங்கள் போய்விட்டன. தூரத்துக் கேட்டுகளுக்குப் பதின்மூன்று நிமிடம்; பயணிகள் திரையில் கடிகார நேரம். புகார்கள் குறைந்ததாக ராகவன் மகிழ்ச்சியோடு சொன்னார். பிலோமினாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், முன்பு போன அந்த இரண்டு பேரையும் கூப்பிடுங்கள் என்றேன். அவர் மறுக்கவில்லை. ஒருவர் கிடைக்கவில்லை, இன்னொருவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். பிலோமினாவுக்கு எடுத்துக்கொள்வதாக உறுதிக் கடிதமே கொடுத்தார். ஆனால் ஒப்படைத்த பாஸ் ஒப்படைத்ததுதான். புதிதாக விண்ணப்பம், புதிதாக போலீஸ் விசாரணை, மறுபடி எத்தனை மாதமோ. அதைச் சொல்லப் போனேன்.

காசிமேட்டுப் பக்கம் இறால் உரித்து ஏற்றுமதிக்கு அனுப்பும் கூடத்தில் இருந்தார். மகள் கல்லூரியை விடவில்லை; ஆனால் ஹாஸ்டலை விட்டுவிட்டுத் தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வருகிறாள். பிலோமினா ரப்பர் உறை போட்டு, ஐஸ் மேல் குவிந்த இறாலுக்கு முன்னால் நின்றிருந்தார். நான் பேசி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. கடிதத்தை நீட்டினேன், கை ஈரமாக இருந்ததால் வாங்காமல், பக்கத்துப் பெண்ணின் பைக்குள் வைக்கச் சொன்னார். வட்டங்களை எடுத்துவிட்டதைச் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று இன்னும் யோசிக்கிறேன். அவர் நல்லது என்று சொல்லட்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன் போல. என் கால்மாட்டில் ஐஸ் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார். பிலோமினா தலை நிமிராமல் சொன்னார்:

"அழிச்சிட்ட, இனிமே வர்றவளுங்களுக்கு நல்லது. எனுக்கு ஒண்ணும் ஆவலண்ணே. பாஸு வந்தா வந்து சொல்லு. வரலன்னா சொம்மா வந்து நின்னுகினு இருக்காத, எறால் கெட்டுப் பூடும்."

எட்டு என்று எழுத எனக்கு அரை நாள் போதுமாக இருந்தது, அதை அழிக்க நாலு மாதம் பிடித்தது, அந்தத் தாமதத்துக்காக என்னை மட்டும் யாரும் வேலையை விட்டு எடுக்கவில்லை.